நிறை

அடுப்பைத் திறந்து பார்த்த ஹெஸ்டர் சொன்னாள்:
"ஸேட்."

லண்டனிலிருந்து வந்திருந்த நாத்தனார் மியூரியல்
கையிலிருந்த கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டு
ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.
"அழுதுவிடு" என்றாள்,
"நாற்பத்தோரு வருஷம், சும்மாவா?"
அவள் தோளுக்கு மேலாக
ஹெஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தது
நடுவில் குழிந்துபோன கேக்கை.

ராஸன்டேல் பக்கம்
மாவு எழும்பாவிட்டால் அப்படிச் சொல்வார்கள்.
அமுங்கியது. அடை தட்டியது.
கத்தியை இறக்கினால் கூடவே ஒட்டிக்கொண்டு வருவது.
கண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
முட்டை குளிர்ந்திருக்கலாம்.
பொறுமையில்லாமல் இடையில் திறந்து பார்த்திருக்கலாம்.

இதையெல்லாம் விளக்க அன்று அவளுக்குத் தெம்பில்லை.
ஒரு மணிக்குத் தேவாலயம்.
அந்தக் கைகளுக்குள்
கொஞ்ச நேரம் நின்றுகொடுத்தாள்.

*

அந்த வீட்டில் இந்தச் சொல்
கண்ட இடத்தில் கிடக்கிறது.

பின்கதவைக் காற்று அறைந்துவிடாமல்
அண்டை கொடுத்திருக்கும் பழைய இஸ்திரிப்பெட்டி.
கரி போட வயிறில்லை அதற்கு,
அடி முதல் முதுகு வரை ஒரே வார்ப்பிரும்பு.
அந்தக் கனத்துக்காகவே அதன் பெயரில்
முன்னொட்டாக ஒரு ஸேட்.
அது யாருக்காகவும் வருந்தியதில்லை.
ஆல்வினின் கால் கட்டைவிரலை
இரண்டு முறை நசுக்கியிருக்கிறது.

ஆணியில் அவனுடைய கோட்டு.
சேற்றுக்கும் கல்குவாரித் தூசிக்கும் இடைப்பட்ட
அந்த அழுக்குத் தெரியாத நிறத்தையும்
ஒரு காலத்தில் ஸேட் என்றுதான் சொன்னார்கள்.
ஞாயிற்றுக்கிழமைகளில் உடுத்த
யோக்கியர்கள் விரும்பி வாங்கிய நிறம்.
பையில் இன்னும் பாதி மிட்டாய்ப் பொட்டலம் இருந்தது.

*

அடக்கம் முடிந்து
குவாரி ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள்.
பன்றித்தொடைக் கறி, ஊறுகாய் போட்ட வெங்காயம்,
மூன்று கெட்டில் தேநீர்.
சாவு வீட்டில் பசிப்பது பாவமில்லை என்று
முதலில் தட்டை எடுத்தவன்
ஆல்வினோடு இருபது வருஷம் பேசாமலிருந்த கிளெக்.

மருமகள் கெர்லிண்ட், ப்ரேமன் ஊர்க்காரி.
ஹெஸ்டர் மூன்றாவது முறை பரிமாற வந்தபோது
வயிற்றில் கை வைத்து,
களைப்பில் தன் பாஷைக்கே திரும்பி,
"ஸட்" என்றாள்.

ஹெஸ்டர் நின்றாள்.
"கேக்கையா சொல்கிறாய்?"
"இல்லை. என்னை. நிறைந்துவிட்டேன்."

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்
இந்தத் தீவிலும் அதுதான் அதன் பொருள்.
உண்டு முடித்தவன்.
போதும் என்று கையை மறித்தவன்.
பந்தியிலிருந்து எழ முடியாதவன்.
பிறகு பந்தியை எடுத்துவிட்டார்கள்,
எழ முடியாமை மட்டும் மிச்சம்.
சோறு போய்ப் பாரம் நின்றது.
பாரமான இரும்பு, பாரமான சாயம்,
சிரிக்காத நீதிபதியின் பாரமான முகம்.
முகத்திலிருந்து நெஞ்சுக்கு
எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது?

நாம் மட்டும் என்ன,
குடம் வழிவதும் நிறை,
தராசுத் தட்டு தாழ்வதும் நிறை.

*

எல்லோரும் போனபின்
யாருக்கும் வெட்டாமல் ஒளித்துவைத்த கேக்கை எடுத்து
தகர அச்சிலிருந்தே
கரண்டியால் சுரண்டித் தின்றாள், நின்றபடி.
அமுங்கினதுதான் ஆல்வினுக்குப் பிடிக்கும்.
நன்றாக வந்ததைப் பார்த்தால்
"கடையில் வாங்கினதா?" என்பான்.

பாதிக்கு மேல் போனதும் பாவாடைக் கொக்கியைத் தளர்த்தினாள்.
"போதும்" என்றாள்,
கோட்டுப் பக்கம் பார்த்து.

மேட்டு நிலத்திலிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது.
பின்கதவைச் சாத்த வேண்டும்.
இதுவரை அது அவன் வேலை.
குனிந்து இஸ்திரிப்பெட்டியைத் தூக்கினாள்.
இரண்டு கை வேண்டியிருந்தது.